ஒரு காதா, இரண்டு காதா, எப்போது? மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு காக்ளியர் இம்பிளாண்ட்

மூளைக்காய்ச்சலில் பிழைத்து வந்த குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்ததும், வீட்டில் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள். மெஷின் வைத்தால் சரியாகிவிடுமா? ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்? நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: இரண்டு காதும் உள்ளே இன்னும் திறந்திருக்கின்றனவா, எத்தனை நாளைக்கு அப்படி இருக்கும்? மற்ற முடிவுகளெல்லாம் இதன் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவை.

என் தங்கை மகளுக்கு நாலரை வயதில் இது வந்தது. தங்கை குடும்பம் இருப்பது கானாடுகாத்தானில். மாப்பிள்ளைக்குக் காரைக்குடியில் பாத்திரக் கடையில் கணக்கு வேலை. ஆஸ்பத்திரியும் வீடுமாக அவர்கள் அலைந்துகொண்டிருந்ததால், விசாரிக்கிற வேலை தாய்மாமன் என் தலையில் விழுந்தது. அப்போது எதையெல்லாம் எதோடு ஒப்பிட்டுப் பார்த்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிறவியிலேயே கேட்காத பிள்ளைகளைப் பற்றி நிறைய யோசனைகள் கிடைக்கும். அவற்றில் பாதி நம் விஷயத்துக்குப் பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதற்கு உள்ளே நடப்பது தெரிய வேண்டும். மூளையைச் சுற்றியிருக்கும் நீரில் பாக்டீரியா பெருகும்போது, அந்த நீரையும் உள்காதையும் இணைக்கிற நுண்குழாய் வழியாக நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் இறங்குகிறது. ஒலியை வாங்கி நரம்புக்குக் கொடுக்கிற மயிர்செல்கள் அங்கே செத்துப்போகின்றன. நிமோகாக்கஸ் கிருமியால் வந்த காய்ச்சலில் இது அதிகம். காய்ச்சல் இறங்கிக் குழந்தை எழுந்து இட்லி சாப்பிட ஆரம்பித்த பிறகும் உள்ளே வேலை ஓயாது. புண் ஆறும்போது காக்ளியாவுக்குள் நார் படரும். அந்த நார் போகப்போக எலும்பாக இறுகும். சில பிள்ளைகளுக்கு இது சில வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது. அதிலும் கிருமி வந்து சேரும் இடமும், பின்னால் டாக்டர் காக்ளியர் இம்பிளாண்ட் என்கிற உள்காதுக் கருவியின் எலெக்ட்ரோடு கம்பியை உள்ளே விட வேண்டிய இடமும் ஏறக்குறைய ஒன்றேதான். அதாவது அடைப்பு பெரும்பாலும் வாசலிலேயே ஆரம்பிக்கிறது.

காத்திருப்பதா, உடனேயா

பொதுவாக இம்பிளாண்டுக்கு முன்னால் சாதாரணக் காது மெஷினை மூன்று மாதம், ஆறு மாதம் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பிறவிக் குறைபாட்டில் அது நல்ல யோசனை. மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு, சோதனையில் இரண்டு காதும் மிகத் தீவிர இழப்பு என்று வந்துவிட்டால், அந்த மாதங்கள் நம்மிடம் இல்லை. சாதாரண மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். வாங்கிக்கொள்ள மயிர்செல் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒன்றுதான். காக்ளியர் இம்பிளாண்ட் அந்தச் செல்களைத் தாண்டிப் போய், மின்துடிப்பால் நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. வேறுபாடு இங்கேதான்.

இழப்பு மிதமானதாக இருந்தால் கதை வேறு. முதல் சில வாரங்களில் கொஞ்சம் தேறிவருகிற பிள்ளைகளும் உண்டு, கூடிக்குறைந்து ஆட்டம் காட்டுகிற காதுகளும் உண்டு. அவர்களுக்கு மெஷினைப் போட்டுவிட்டு அடிக்கடி சோதித்துக்கொண்டே இருப்பதுதான் சரி. ஆகவே முதல் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே, முடியாவிட்டால் அடுத்த நாலு வாரத்துக்குள், ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கிற பெரா பரிசோதனை எடுத்துவிட வேண்டும். குழந்தையைத் தூங்கவைத்துத் தலையில் ஒயர் ஒட்டி எடுப்பார்கள், வலி கிடையாது. அதோடு எம்ஆர்ஐ, சிடி இரண்டையும் கேளுங்கள். சிடியில் தெரிவது இறுகிய எலும்பு. எம்ஆர்ஐயில் தெரிவது காக்ளியாவுக்குள் நீர் இருக்கிறதா, அதன் இடத்தை நார் பிடித்துவிட்டதா என்பது. எலும்பாவதற்கு முந்திய கட்டம் எம்ஆர்ஐயில்தான் சிக்கும். "சிடி நல்லா இருக்கு, அவசரமில்லை" என்று யாராவது சொன்னால், எம்ஆர்ஐ என்ன சொல்கிறது என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

இன்னொரு அறிகுறியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் அசதிக் கணக்கில் எழுதிவிடுவார்கள். திண்ணையில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்த பிள்ளை சுவரைப் பிடித்து நடக்கிறது, இருட்டில் தள்ளாடுகிறது, தலையைத் திருப்பினால் சாய்கிறது என்றால், உள்காதின் சமநிலைப் பகுதியும் அடிபட்டிருக்கலாம். காதுச் சோதனையை அவசரப்படுத்த அது ஒன்றே போதும்.

பேச்சு தெரிந்த பிள்ளைக்குக் காத்திருப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. எங்கள் பாப்பா வாய் ஓயாமல் பேசுகிறவள். காது போன பிறகு குரல் ஏறிக்கொண்டே போனது, சொற்கள் தேயத் தொடங்கின. "தோசை" என்பது "தோதை" ஆனது. கொஞ்ச நாளில் "பால்" என்பதில் கடைசி எழுத்து காணாமல் போனது. தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ள வழியில்லாதபோது இப்படித்தான் ஆகும். கட்டிய பேச்சு கரைவதற்கு முன்னால் ஒலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், பயிற்சி பாதி தூரத்திலிருந்து தொடங்குகிறது.

ஒன்றா, இரண்டா

குடும்பத்தில் பெரிய விவாதம் இதற்குத்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு காதுக்கு இம்பிளாண்ட் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், விஏஓவிடமிருந்து வருமானச் சான்று வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தருகிற மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் இம்பிளாண்டுக்கு இடம் உண்டு. பிறவியில் கேட்காதவர்களுக்கு அதில் ஐந்து வயது வரைதான்; இடையில் காது போனவர்களுக்கு அதற்கு மேலும் வாய்ப்பு இருக்கிறது. ஆறைத் தாண்டிய பிள்ளைக்கு இது முக்கியம். தனியாரில் சொந்தச் செலவு என்றால், கருவியைப் பொறுத்து ஒரு காதுக்கு ஆறேழு லட்சத்தில் தொடங்கிப் பதினைந்தையும் தாண்டும்.

மாப்பிள்ளை சொன்னது எல்லா அப்பாவும் சொல்வதுதான். "மச்சான், ஒண்ணை கவர்மெண்டுல முடிச்சிருவோம். இன்னொண்ணை அவ பெரிய பிள்ளையானதும் பாத்துக்கலாமே."

"அதுக்குள்ள அந்தக் காது மூடிக்கிருச்சுன்னா என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை?"

பிறவியில் கேட்காத குழந்தைக்கு அவர் சொன்னது நடக்கக்கூடிய திட்டம். தாமதித்தால் பலன் குறையும், ஆனாலும் காக்ளியா அதே காக்ளியாவாகக் காத்திருக்கும். நம் பிள்ளைக்குக் காத்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. முழுக்க எலும்பாகிவிட்ட காதில் டாக்டர் டிரில் பண்ணித்தான் வழி உண்டாக்க வேண்டும். அதற்கென்று கம்பி குட்டையான எலெக்ட்ரோடும், இரண்டாகப் பிரிந்த எலெக்ட்ரோடும் இருக்கின்றன. இருந்தாலும் முழு நீளத்துக்குச் சுலபமாக உள்ளே போன காதின் பலன் அதில் கிடைப்பது கஷ்டம். எதுவுமே முடியாது என்கிற கட்டத்தில், காக்ளியாவை விட்டுவிட்டு மூளைத்தண்டில் நேரடியாக வைக்கிற இம்பிளாண்ட் ஒன்று உண்டு, சென்னையில் செய்கிறார்கள். அது மண்டையைத் திறந்து செய்கிற பெரிய அறுவை. பொதுவாகப் பேச்சைப் புரிந்துகொள்ளும் அளவில் காக்ளியர் இம்பிளாண்டுக்கு அடுத்த படியில்தான் நிற்கிறது. கடைசி வழி என்று இருக்கட்டும். "பின்னால் அது இருக்கிறதே" என்ற தைரியத்தில் காதைக் கைவிட வேண்டாம்.

இரண்டு காது இருந்தால் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியும், இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுக்க முடியும் என்பது எல்லாப் பிள்ளைக்கும் பொது. எங்களை நகர்த்தியது இன்னொன்று. ஒரு கருவி பழுதானால், வேறு காது இல்லாத பிள்ளைக்கு அன்றைய பொழுது முழு நிசப்தம். காரைக்குடியில் இருந்துகொண்டு உதிரிபாகம் வருவதற்குக் காத்திருக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டையும் ஒரே மயக்கத்தில் ஒரே நாளில் வைப்பதுதான் சிறந்தது. பணம் அதற்கு இடம் தராவிட்டால் எந்தக் காது முதலில் என்ற கேள்வி வரும். எம்ஆர்ஐயில் பாப்பாவின் இடது காது மங்கத் தொடங்கியிருந்தது, வலது காது தெளிவு. எங்கள் டாக்டர் வெளிப்படையாகச் சொன்னார்: இரண்டாவது காதுக்கு வழியே இல்லையென்றால் நன்றாக இருக்கிற வலதில் வைப்போம், அதில் பலன் நிச்சயம். இரண்டாவதும் உறுதி என்றால் மூடிக்கொண்டிருக்கிற இடதில் முதலில் கை வைப்போம், வலது கொஞ்சம் பொறுக்கும். ஆக, பண ஏற்பாடு தெரியாமல் மருத்துவ முடிவே எடுக்க முடியாது. நகையை அடகு வைக்கலாமா என்ற பேச்சை ஆபரேஷன் தேதி வாங்கிய பிறகு பேசினால் வரிசை தப்பிவிடும். எங்களுக்கு ஒரு காது திட்டத்தில் நடந்தது. மற்றதற்கு, தங்கை குடும்பம் குடியிருந்து பார்த்துக்கொள்கிற பெரிய வீட்டின் உரிமையாளர் குடும்பம் ஒரு பங்கு கொடுத்தது, மீதி தங்கையின் நகையும் என் சேமிப்பும். சில வார இடைவெளியில், அதே டாக்டர், அதே கம்பெனிக் கருவி. இரண்டு காதுக்கும் ஒரே கம்பெனி என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்; கேபிள், பேட்டரி, கருவியின் மின்அளவைச் சரிசெய்கிற மேப்பிங் எல்லாம் ஒரே இடத்தில் முடியும்.

ஊசி விஷயம் இங்கேயே. இம்பிளாண்ட் வைத்த பிள்ளைக்கு மறுபடி மூளைக்காய்ச்சல் வருகிற அபாயம் மற்றவர்களைவிடச் சற்று அதிகம். நிமோகாக்கஸ் தடுப்பூசியை ஆபரேஷனுக்கு இரண்டு வாரமாவது முன்னால் போட்டுவிட வேண்டும். தமிழகத்தில் இந்த ஊசி இலவசத் தடுப்பூசிப் பட்டியலுக்கு வந்ததே 2021-இல்தான். அதற்கு முன் பிறந்த பிள்ளைகள் பலர் போட்டிருக்க மாட்டார்கள். ஒருமுறை அந்தக் காய்ச்சல் வந்துவிட்டால் ஊசி வேண்டாம் என்று ஆகிவிடாது. பின்னால் காதில் சீழ் வந்தால் சொட்டு மருந்தில் ஓட்டாமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

மதுரையா, சென்னையா

ஆபரேஷன் சில மணி நேர வேலை. சில வாரம் கழித்து ஆன் பண்ணுவார்கள். அதன் பிறகு மேப்பிங், அதாவது ஒவ்வொரு எலெக்ட்ரோடுக்கும் எவ்வளவு மின்சாரம் என்று அளந்து வைப்பது, ஆயுள் முழுக்க. மூளைக்காய்ச்சல் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி தேவைப்படும். உள்ளே எலும்பு வளர வளர, நேற்று போதுமாக இருந்த அளவு இன்று போதாமல் போகும். சிலருக்கு மின்சாரம் பக்கத்தில் இருக்கிற முக நரம்புக்குக் கசிந்து கண்ணோரம் துடிக்கும். அந்த எலெக்ட்ரோடை அணைக்க வேண்டியிருக்கும். அதனால் எந்த ஊரில் கத்தி வைப்பது என்பதைவிட, எந்த ஊருக்கு அடிக்கடி போய்வர முடியும் என்று பார்த்தோம்.

காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம், தொண்ணூறு கிலோமீட்டரைச் சுற்றி. காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். சென்னை என்றால் விடிகாலைப் பல்லவன் ரயிலைப் பிடித்து, மதியம் எழும்பூரில் இறங்கி, தங்க இடம் தேட வேண்டும். ஆனால் கேட்டுப் பேசும் பயிற்சியில் தேர்ந்தவர்கள் அங்கேதான் நிறைய. பால வித்யாலயா மாதிரி, தாயையும் கூடவே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற பள்ளி நம் பக்கத்தில் இல்லை. மைசூரில் இருக்கிற அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனத்திலும் அம்மாக்களுக்குப் பயிற்சி உண்டு.

என் கருத்து: எட்டு மாதத்தில், ஒரு வயதில் காது போன குழந்தை என்றால், ஒரு வருடம் வாடகைக்கு வீடெடுத்தாவது தாயும் பிள்ளையும் சென்னைக்கோ மைசூருக்கோ போய்விடுவது நல்லது. அந்தக் குழந்தை மொழியையே இனிமேல்தான் கட்ட வேண்டும். நாலு வயதுக்கு மேல், ஏற்கெனவே பேசிய பிள்ளைக்கு மதுரையோ திருச்சியோ போதும். வாரம் ஒருமுறை நேரில், நடுவில் வீடியோ காலில். எங்களுடையது மதுரை. தங்கையைச் சென்னைக்கு அனுப்பியிருந்தால் மாப்பிள்ளை இங்கே ஹோட்டலில் சாப்பிட்டு, அங்கே வாடகை கட்டி, மூன்றாவது மாதமே பயிற்சி நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிற மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் முதலிலேயே பதிவு செய்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் அந்த வழியாகப் போனால் அலைச்சல் குறையும்.

பயிற்சியாளரைத் தேடும்போது ஒன்று கேளுங்கள்: இம்பிளாண்ட் வைத்த எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறீர்கள்? திக்குவாய்க்கும் பேச்சுத் தாமதத்துக்கும் நன்றாகப் பயிற்சி தருகிற எல்லோரும் இதிலும் தேர்ந்தவர்கள் என்று சொல்ல முடியாது.

எந்தக் கருவி

இதில் நேரம் அதிகம் செலவழிக்க வேண்டாம். காக்ளியர் கம்பெனிக்கு 22 எலெக்ட்ரோடு, அட்வான்ஸ்டு பயோனிக்ஸுக்கு 16, மெட்-எல்லுக்கு 12. எண்ணிக்கை கூடினால் கேட்பது கூடும் என்று கணக்குப் போடாதீர்கள். மூன்றிலும் நன்றாகப் பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். திட்டத்தில் வருகிற கருவி டெண்டரில் வருவது, அதில் நமக்குத் தேர்வு குறைவு. தேர்வு இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். சர்வீஸ் சென்டர் எங்கே? இம்பிளாண்டுக்குள் இருக்கிற காந்தத்தை வெளியே எடுக்காமல் எம்ஆர்ஐ எடுக்கலாமா? மூளை ஒருமுறை அடிபட்ட பிள்ளைக்குப் பின்னாளில் எம்ஆர்ஐ தேவைப்படலாம். அப்புறம், அடைப்பு இருந்தால் அதற்கேற்ற எலெக்ட்ரோடு அந்தக் கம்பெனியிடம் உண்டா?

ஒலியை வாங்கி உள்ளே அனுப்புவதற்காக வெளியே மாட்டுகிற பிராசசரில் காதுக்குப் பின்னால் தொங்குவதும் உண்டு, தலையில் பொத்தான் போல ஒட்டுவதும் உண்டு. பொத்தானில் கேபிள் கிடையாது என்பது பெரிய சௌகரியம். ஆனால் ஓடியாடுகிற பிள்ளைக்குக் கழன்று விழும், எண்ணெய் வைத்துப் பின்னிய தலையில் வழுக்கும். நாங்கள் காதுக்குப் பின்னால் மாட்டுவதையே எடுத்தோம், சட்டையில் குத்துகிற கிளிப்போடு. பிராசசர் ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டி வரும், அது மறுபடி லட்சக் கணக்கு. இப்போதிலிருந்தே ஆர்.டி. போடுங்கள். கேபிள் அடிக்கடி போகும், ஒன்று உபரியாக வீட்டில் இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் வியர்வைதான் முதல் எதிரி. ராத்திரி ஈரம் உறிஞ்சுகிற டப்பாவில் வைக்காமல் தூங்கக் கூடாது. பழனிக்கு மொட்டை நேர்ந்திருந்தால் தழும்பு நன்றாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு. அப்பத்தாவுக்கு இதைப் புரியவைத்ததுதான் எனக்கு மிகக் கடினமான வேலை.

வீடு, சைகை, பள்ளி

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எந்த மருத்துவக் குறிப்பிலும் கிடைக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். தங்கை குடும்பம் பெரிய வீடொன்றைப் பார்த்துக்கொண்டு அதன் இரண்டாங்கட்டில் குடியிருக்கிறது. உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைப் பூச்சில் பளபளக்கிற சுவர். பேசினால் குரல் நாலு பக்கமும் மோதித் திரும்பும். நமக்கு அது கம்பீரம். இம்பிளாண்டில் கேட்கிற பிள்ளைக்கு ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் ஏறிக் குழம்பிவிடும். மதுரையில் பயிற்சி அறையில் அழகாகத் திருப்பிச் சொன்னவள், வளவில், அதாவது நடு முற்றத்தில், நின்று கூப்பிட்டால் திரும்பவே மாட்டாள். கருவியைச் சந்தேகப்பட்டு மேப்பிங் மாற்றச் சொல்லும் முன், பேசுகிற இடத்தை மாற்றிப் பாருங்கள். மூட்டையும் துணியும் அடைந்த சாமான் அறையில், ஜமுக்காளம் விரித்து, மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து பேசியதும் அதே பிள்ளை பதில் சொன்னாள். இப்போது வீட்டுப் பயிற்சி அந்த அறையில்தான்; கல்யாண வீட்டில் மேளத்துக்குப் பக்கத்தில் உட்காரவைப்பதில்லை. தள்ளாட்டம் இன்னும் கொஞ்சம் இருப்பதால், வழுக்குகிற அந்தத் தரையில் ஈரக்காலோடு ஓட விடுவதும் இல்லை.

சைகை பழகினால் பேச்சு வராது என்று உறவினர் பலர் பயமுறுத்துவார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. குளிக்கும்போதும் தூங்கும்போதும் பேட்டரி தீர்ந்தபோதும் அவள் கேட்காத பிள்ளைதான். அந்த நேரத்துக்கும் ஒரு மொழி வேண்டாமா? இம்பிளாண்ட் பலன் தராமல் போகிற பிள்ளைக்கு, சைகையே முதல் மொழியாக, பாளையங்கோட்டை ஃபுளோரன்ஸ் சுவைன்சன் பள்ளி போன்ற நூறாண்டு கடந்த இடங்களில் படிப்பது தோல்வியும் அல்ல, இரண்டாந்தரமும் அல்ல. எங்கள் வீட்டில் ஐம்பது அறுபது சைகைகளை எல்லோரும் கற்றுக்கொண்டோம். பேச்சு அதனால் குறையவில்லை.

பள்ளி விஷயம் இன்னும் முடியவில்லை. காரைக்குடியில் ஆங்கிலப் பள்ளி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன் என்கிறது. வகுப்பில் கூட்டம் அதிகம், மின்விசிறிகள் இரைகின்றன, தெருவோர ஜன்னல். வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் பிள்ளைகள் குறைவு, தாழ்ந்த கூரை, முதல் பெஞ்சில் உட்காரவைத்து முகம் பார்த்துப் பேசுகிற டீச்சர். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பாடமும் நடக்கும். மாப்பிள்ளைக்கு மனசு ஆங்கிலப் பள்ளியில். நான் அரசுப் பள்ளிப் பக்கம். ஜூனுக்குள் இரண்டு இடத்திலும் ஒரு நாள் உட்காரவைத்து, எங்கே அவள் டீச்சருக்குத் திரும்பிப் பதில் சொல்கிறாள் என்று பார்த்து முடிவு செய்வதாகப் பேசியிருக்கிறோம்.